அம்பத்தூர் நைட்ரஜன் கடை: ஐந்துக்கு நாலரை

கடையின் பெயரைப் போடப் போவதில்லை என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைக்கார அண்ணாச்சி வேண்டாம் என்றுவிட்டார். "பேரப் போட்டுறாதீங்க மேடம். அப்புறம் கல்யாண மண்டபத்துக்காரங்க போன் மேல போன் போடுவாங்க, மேடையில புகை வேணும்னு." அதனால் அம்பத்தூர் எஸ்டேட், திரவ நைட்ரஜன் விற்கும் சின்னக் கடை, அவ்வளவுதான். எஸ்டேட் பேருந்து நிலையத்தில் இறங்கி டீக்கடையில் "நைட்ரஜன் கேன் நிரப்புற இடம் எது" என்று கேட்டால் கை காட்டுவார்கள். காலை வேளையில் வாசலில் மாட்டுக்குச் சினை ஊசி போடுபவர்களின் பைக்குகள் நிற்கும், அதுதான் அடையாளம்.

நான் கிண்டிப் பக்கம் ஓர் இயற்பியல் ஆய்வகத்தில் தொழில்நுட்ப உதவியாளர். இருபத்தோரு வருட சர்வீஸ். ஆராய்ச்சி பேராசிரியர்களுடையது, பிள்ளைகளுடையது. குளிர், மின்சாரம், வெற்றிடம் மூன்றும் என் பாடு. 2022 கோடையிலிருந்து இந்தக் கடையில்தான் வாங்குகிறேன். வாரம் ஒரு தடவை, செவ்வாய்க்கிழமை, இருபத்தைந்து முப்பது லிட்டர்.

திரவ நைட்ரஜனில் விமர்சிக்க என்ன இருக்கிறது என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். தண்ணீர் கேன் மாதிரி எங்கே வாங்கினாலும் ஒன்றுதானே? மைனஸ் 196 டிகிரி, நிறம் கிடையாது, மணம் கிடையாது, காற்றிலிருந்து பிரித்தெடுத்தது. அந்தக் கடை வரிசையில் என்னோடு நிற்பவர்களுக்கு உண்மையிலேயே ஒன்றுதான். திருவள்ளூர்ப் பக்கத்திலிருந்து உறைவிந்துக் குச்சி வைக்கும் கேனோடு வருபவருக்குக் குளிர் இருந்தால் போதும். தோல் டாக்டரின் கம்பவுண்டர் ஒரு சின்ன பிளாஸ்க்கோடு வருவார், மரு சுடுவதற்கு. குழந்தைப்பேறு மருத்துவமனை வண்டி ஒன்று வரும், அவர்கள் பெரிய ஆள், வரிசையில் நிற்க மாட்டார்கள். எங்களுக்கு மட்டும் குளிர் போதாது. சத்தம் போடாத குளிர் வேண்டும்.

இதைக் கொஞ்சம் விளக்காமல் இந்த விமர்சனமே புரியாது.

எங்களிடம் ஒரு ஜெர்மானியம் படிகம் இருக்கிறது. காபி டம்ளர் அளவு. புள்ளித் தொடர்பு ரகம், அதாவது மின்சாரத்தை வாங்கும் முனை ஒரு கடுகு போலச் சின்னது. அதனால் அதன் மின்தேக்கமும் (கெப்பாசிட்டன்ஸ்) மிகக் குறைவு, சின்னத் துடிப்பும் தெரியும். நம்முடையது இல்லை, கடனாக வந்தது. இதை வைத்துப் பிள்ளைகள் பழகுவது, மிக மெல்லிய அணுக்கரு உதையைப் பிடிப்பதற்கு. லேபில் ரீகாயில் என்போம். ஒரு நியூட்ரினோவோ (எதிலும் சிக்காமல் ஊடுருவிப் போகும், மின்னூட்டமே இல்லாத நுண்துகள்), இருந்தால் ஒரு கரும்பொருள் துகளோ (டார்க் மேட்டர், ஈர்ப்பால் மட்டும் இருப்பு தெரிகிற பொருள்) வந்து அணுக்கருவின் மேல் இடிக்கும். அணுக்கரு ஒரு நூலிழை நகரும். நகர்ந்ததில் அக்கம்பக்கத்து எலக்ட்ரான்கள் சில கழன்று வரும். அந்தச் சிலவற்றை எண்ணினால் இடித்தது தெரியும்.

எவ்வளவு மெல்லியது என்றால், நிலைக்கு வந்து நிற்கும் மயிலாப்பூர்த் தேரின் மேல் ஒரு பொரி விழுகிறது, தேர் எவ்வளவு அசைந்தது என்று அளந்து சொல் என்கிற கதை. அணு உலையிலிருந்து வரும் நியூட்ரினோ ஒன்றுக்கு 3 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் என்று வையுங்கள் (எலக்ட்ரான் வோல்ட் என்பது அணு அளவில் ஆற்றலை அளக்கும் மிகச் சின்ன அலகு). அது ஜெர்மானியம் அணுக்கருவுக்கு நேருக்கு நேர் இடித்துக் கொடுத்தாலும் அதிகபட்சம் 270 எலக்ட்ரான் வோல்ட்தான் கொடுக்க முடியும். மில்லியன் எங்கே, 270 எங்கே. அதுவாவது முழுசாக நம் கைக்கு வருமா? வராது. மெதுவாக நகரும் கனமான அணுக்கரு தன் ஆற்றலில் பெரும்பகுதியைப் பக்கத்து அணுக்களை முட்டி உலுக்குவதிலேயே செலவழித்துவிடும். எலக்ட்ரானாக நமக்குக் கிடைப்பது ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. கோயிலில் வாங்கிய பிரசாதம் வீட்டுக்கு வந்து சேர்கிற மாதிரி. வழியெல்லாம் கை நீட்டுவார்கள்.

இந்த யோசனையை 1974-ல் டேனியல் ஃப்ரீட்மன் எழுதியபோது, இப்படி ஒரு சோதனையை முன்வைப்பதே ஆணவமாக இருக்கலாம் என்று தானே எழுதி வைத்தார். 43 வருடம் கழித்து 2017-ல்தான் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜில், கோஹிரண்ட் குழு, 14.6 கிலோ சீசியம் அயோடைடு படிகத்தை வைத்து முதன்முதலில் பார்த்தது. கட்டடத்தின் அடித்தளத்தில் ஒரு நடைபாதையில் வைத்துப் பார்த்தார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். எங்கள் லேபும் அடித்தளத்து நடைபாதையின் கோடியில்தான், அந்தப் பக்கம் பழைய நாற்காலி போட்டு வைத்திருக்கிறார்கள்.

சரி, நைட்ரஜனுக்கு வருகிறேன்.

ஜெர்மானியத்தை அறை வெப்பத்தில் வைத்தால் வெப்பமே எலக்ட்ரான்களைக் கழற்றிவிடும், ஒன்றும் தெரியாது. அதனால் படிகத்தை ஒரு செம்புத் தண்டின் நுனியில் பொருத்தி, தண்டின் மறுமுனையை நைட்ரஜன் கேனுக்குள் இறக்கி வைத்திருப்பார்கள். குளிர் அந்தத் தண்டு வழியாக ஏறும். பிரச்சினை என்னவென்றால் குளிர் மட்டும் ஏறாது, ஆட்டமும் ஏறும். நைட்ரஜன் எந்நேரமும் கொதித்துக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு குமிழியும் தண்டை ஒரு தட்டுத் தட்டும். தண்டு அசைந்தால் படிகத்துக்கும் அதைச் சுற்றியுள்ள உறைக்கும் இடையே உள்ள இடைவெளி இம்மி மாறும். அந்த மாற்றமே ஒரு மின்துடிப்பு. இதற்கு மைக்ரோபோனிக்ஸ் என்று பெயர், மைக்கைத் தட்டினால் டொக் என்று கேட்கிறதே, அதே விஷயம். நாங்கள் பிடிக்கப் பார்க்கும் துடிப்பில் சில பத்து எலக்ட்ரான்கள்தான் இருக்கும். ஜெர்மானியத்தில் ஓர் எலக்ட்ரானைக் கழற்ற சுமார் 3 எலக்ட்ரான் வோல்ட் ஆகும், 160 எலக்ட்ரான் வோல்ட் என்றால் மொத்தமே 54 எலக்ட்ரான். அண்ணாச்சி கேனில் ஒரு குமிழி வெடித்தால் அதைவிடப் பெரிய சத்தம்.

முன்பு வேறு ஒருவரிடம் வாங்கிக்கொண்டிருந்தோம். யார் என்பது வேண்டாம். லிட்டருக்குப் பத்து ரூபாய் குறைவு. ஆனால் அந்த நைட்ரஜனில் ஐஸ் இருக்கும். இது நைட்ரஜன் ஐஸ் இல்லை, நம்ம சென்னைக் காற்றின் ஈரம். மூடியைத் திறந்து வைத்து ஊற்றினால், வாய் அகலமான பாத்திரத்தில் மாற்றினால், ஈரம் உள்ளே போய்ப் பொடிப் பொடியாக உறைந்து அடியில் தங்கும். ஒவ்வொரு வாரமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து ஒரு நாள் கஞ்சி மாதிரி ஆகிவிடும். அந்த ஐஸ் துகள்கள் செம்புத் தண்டைச் சுற்றி ஆடும். குமிழி கிளம்ப இடமும் கொடுக்கும். மின்துடிப்பைத் திரையில் கோடாகக் காட்டும் ஆசிலாஸ்கோப்பில் பார்த்தால் அடிக்கோடு நேராக இருக்காது, பம்மல் ரோட்டில் ஆட்டோவில் போகிறவர் தலை மாதிரி ஆடிக்கொண்டிருக்கும். நாங்கள் ஆறு மாதம் மின்சாரத்தைக் குறை சொன்னோம். எர்த் சரியில்லை என்றோம், ஏசியை நிறுத்தினோம், டியூப் லைட்டைக் கழற்றினோம், மின்சார ரயிலைத் திட்டினோம். நைட்ரஜனைச் சந்தேகப்படவே இல்லை.

அந்த ஆள் 2021 பொங்கல் லீவில் நாளைக்கு, நாளைக்கு என்று சொல்லி நான்கு நாள் வரவில்லை. கேன் காலி. படிகம் பாதி சூடாகிவிட்டது. இந்த இடத்தில் அனுபவம் இல்லாதவர்கள் செய்யும் தப்பு, ஐயோ என்று ஓடிப்போய் உடனே நைட்ரஜன் ஊற்றுவது. ஊற்றக் கூடாது. குளிராக இருக்கும்போது உறைக்குள் இருக்கும் மிச்சசொச்ச ஈரமும் வாயுவும் குளிர்ந்த இடங்களில் ஒட்டிக்கொண்டிருக்கும். பாதி சூடானால் அவை கிளம்பி அலையும், மறுபடி குளிர்வித்தால் படிகத்தின் மேலேயே போய் ஒட்டும். கசிவு மின்னோட்டம் ஏறிவிடும். முழுசாக அறை வெப்பத்துக்கு வர விட்டு, அப்புறம்தான் திரும்ப ஆரம்பிக்க வேண்டும். பத்து நாள் போனது. எங்கள் ஆராய்ச்சி மாணவி, தேனிப் பிள்ளை, அழவில்லை, ஆனால் இரண்டு நாள் யாரோடும் பேசவும் இல்லை. (அவள் ஊர்ப் பக்கம்தான் பொட்டிபுரத்தில் நியூட்ரினோ ஆய்வகம் வருகிறது வருகிறது என்று சொல்லி நின்றுபோனது. அதைப் பற்றி அவளிடம் பேச்சுக் கொடுத்தால் மதியச் சாப்பாடு ஆறிவிடும்.)

அதற்கப்புறம்தான் அண்ணாச்சி கடை. யாரோ கால்நடைத் துறைக்காரர் சொல்லி அனுப்பினார்.

முதல் நாள் நானே எங்கள் கேனை எடுத்துக்கொண்டு போனேன். அண்ணாச்சி அதை வாங்கி, நிரப்பாமல், மூடியைத் திறந்து உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தார். பிறகு லேசாக ஆட்டி, காது வைத்துக் கேட்டார்.

"எத்தன வருசமா கழுவல?"

"நைட்ரஜன் கேனைக் கழுவணுமா அண்ணாச்சி?"

"உள்ள மணல் மாதிரி சரசரன்னு கேக்குது பாருங்க. எல்லாம் ஐஸு. சினை ஊசிக்காரங்க கேன்ல இப்படிச் சேர்ந்தா குச்சி ஒட்டிக்கிட்டு வராது, அவங்க ஒடனே கத்துவாங்க. நீங்க படிச்சவங்க, கத்தாம வச்சிருக்கீங்க."

அவமானமாக இருந்தது, உண்மை. அன்று அவர் எனக்கு விற்கவில்லை. கேனைக் கவிழ்த்து ஒரு நாள் முழுக்க வைத்து, மறுநாள் சூடான காற்று அடித்துக் காயவைத்து, மூன்றாம் நாள் நிரப்பிக் கொடுத்தார். காய வைத்ததற்குக் காசு வாங்கவில்லை. லேபில் இருந்த பெரிய கேனையும் அப்படிச் செய்யச் சொன்னார். செய்தோம், அதற்கு ஒரு வாரம் படிகத்தைச் சூடாக்க வேண்டியிருந்தது, பேராசிரியர் முணுமுணுத்தார். ஆனால் காய்ந்த கேனில் ஐஸ் இல்லாத நைட்ரஜன் ஊற்றி, அடங்குவதற்கு ஓர் இரவு விட்டுவிட்டு, மறுநாள் காலை ஆசிலாஸ்கோப்பைப் போட்டுப் பார்த்தபோது அடிக்கோடு கிட்டத்தட்ட நேராகக் கிடந்தது. நான் ஒயர் கழன்றுவிட்டது என்று நினைத்து பின்னால் போய்த் தொட்டுப் பார்த்தேன்.

எல்லாப் புகழும் நைட்ரஜனுக்கு இல்லை. கேனுக்கு அடியில் புதுப்பேட்டையில் வாங்கிய இன்ஜின் மவுண்டிங் ரப்பர் நான்கு வைத்திருக்கிறோம், பழைய புல்லட்டுக்கு உரியவை, பேரம் பேசி வாங்கியது. வெளிநாட்டிலிருந்து அதிர்வுத் தடுப்பு மேடை வாங்க எழுதிய கோப்பு இன்னும் எங்கோ சுற்றிக்கொண்டிருக்கிறது. ரப்பர் வேலை செய்கிறது. எர்த்தையும் ஒரே புள்ளியில் கட்டினோம். இருந்தாலும் ஐஸ் போனதுதான் பெரிய வித்தியாசம். அதற்கு முன்பு எங்கள் வாசல் 1,500 எலக்ட்ரான் வோல்ட். வாசல் என்று நாங்கள் சொல்வது, அதற்குக் கீழே வரும் துடிப்பெல்லாம் இரைச்சலில் கரைந்துவிடும் என்கிற எல்லை. இப்போது 600.

இந்த எண் யாருக்கும் பெரிசாகத் தெரியாது, எனக்குத் தெரியும். ஏனென்றால் ஜெர்மானியம் படிகத்துக்குள்ளேயே ஓர் அளவுகோல் இருக்கிறது. வானத்திலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் படிகத்தில் கொஞ்சம் ஜெர்மானியத்தைக் கதிரியக்கம் உள்ளதாக மாற்றிவிடும். அது சிதையும்போது 10.37 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் ஒரு கோடும், 1.3-ல், அதாவது 1,300 எலக்ட்ரான் வோல்ட்டில், ஒரு சின்னக் கோடும் கொடுக்கும். பெரிய கோட்டை எல்லோரும் பார்ப்பார்கள். சின்னது இத்தனை வருடமும் எங்கள் இரைச்சலுக்குள் மூழ்கிக் கிடந்தது. 2022 ஆகஸ்டில், ஐந்து வாரத் தரவைச் சேர்த்துப் போட்டபோது 1.3-ல் ஒரு மேடு. அழகான மேடு கிடையாது, தோசைக்கல்லில் ஒட்டிய மாவு மாதிரி ஒரு புடைப்பு. தேனிப் பிள்ளை அதைப் பிரிண்ட் எடுத்து அண்ணாச்சிக்குக் கொடுத்து அனுப்பினாள். அவர் அதைக் கடையில் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறார். என்னவென்று கேட்பவர்களிடம் "நம்ம நைட்ரஜனுக்கு ஈசிஜி" என்கிறார்.

600 எலக்ட்ரான் வோல்ட்டில் நியூட்ரினோ தெரியுமா? தெரியாது. எங்களுக்கு அந்த மயக்கம் இல்லை. கல்பாக்கம் அணு உலையே இங்கிருந்து எழுபது கிலோமீட்டர் போல. சுவிட்சர்லாந்தில் லைப்ஷ்டாட் அணு உலையில் கோனஸ் பிளஸ் குழு உலையின் நடுவிலிருந்து 20.7 மீட்டரில் படிகங்களை வைத்து, வாசலை 160 எலக்ட்ரான் வோல்ட் வரை இறக்கி, 119 நாளில் சுமார் 395 இடிகளைப் பிடித்தார்கள், கூடக்குறைய 106. 2025-ல் வெளிவந்தது. ஒரு நாளைக்கு மூன்று, நான்கு. அதற்கு மூன்று படிகம், ஒவ்வொன்றும் ஒரு கிலோ. இங்கே நடப்பது ஒத்திகை. ஆனால் எங்களிடம் ஒத்திகை பார்த்த பிள்ளைகள் வெளியே போய் உண்மையான வேலை பார்க்கிறார்கள். கேனை ஆட்டிக் காது வைத்துக் கேட்கவும் அவர்களுக்குத் தெரியும்.

கோனஸ் பிளஸ்காரர்கள் நைட்ரஜன் ஊற்றுவதில்லை, மின்சாரக் குளிர்விப்பான்தான். புதுப் பேராசிரியர் ஒருவர் நாமும் அதையே வாங்கலாமே என்று வருடா வருடம் கேட்கிறார். அதற்கும் ஓர் அதிர்வு உண்டு, அமுக்கி (கம்ப்ரசர்) ஓடிக்கொண்டே இருக்கும், அதை அடக்க அவர்கள் தனியாக மெனக்கெட்டார்கள். நான் அந்த வாதத்துக்குள் போவதில்லை. மிக்ஜாம் புயலை மட்டும் நினைவுபடுத்துவேன்.

2023 டிசம்பர் 2, சனிக்கிழமை காலை. நான் வீட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அண்ணாச்சி போன். "மேடம், செவ்வாய் வரைக்கும் இருக்க வேணாம். வானம் சரியில்ல. இன்னைக்கே வண்டி அனுப்புறேன், லேபத் தொறந்து வைங்க." இவருக்கென்ன, இந்த வாரம் விற்பனை குறைவு போல என்று நினைத்தேன். இருந்தாலும் போனேன். கடைத் தம்பி குட்டியானையில் இரண்டு கேனோடு வந்து கழுத்து வரை நிரப்பிவிட்டுப் போனான். திங்கட்கிழமை என்ன நடந்தது என்று சென்னையில் இருந்த யாருக்கும் சொல்ல வேண்டாம். எஸ்டேட் முழுக்கத் தண்ணீர். எங்கள் கட்டடத்தில் கரண்ட் போனது, புதன்கிழமைதான் வந்தது. மின்சாரக் குளிர்விப்பானாக இருந்திருந்தால் அன்றே படிகம் சூடாகியிருக்கும். எங்கள் பெரிய கேன் பழசு, வெற்றிடம் தளர்ந்தது, ஒரு நாளைக்கு 3 லிட்டர் குடிக்கும். வழக்கமான கணக்கில் வெள்ளிக்கிழமை காலி. அண்ணாச்சி கடைக்குள் தண்ணீர் புகுந்து, அடுத்த வண்டி டிசம்பர் 11-ல்தான் வந்தது. அன்று அளவுக்குச்சி விட்டுப் பார்த்தேன். நுனியில் மூன்று விரற்கடை பனி. அவ்வளவுதான் மிச்சம், ஆனால் இருந்தது.

அளவுக்குச்சி பற்றிச் சொன்னேன் அல்லவா, நிரப்புவதைப் பார்க்காதவர்களுக்காக. ஒரு மரக்குச்சியை கேனுக்குள் விட்டு, சில விநாடி பொறுத்து, வெளியே எடுத்து ஒரு வீசு வீசினால் நைட்ரஜன் பட்ட இடம் வரை வெள்ளையாகப் பனி பூக்கும். அந்தக் கோடுதான் அளவு. தம்பி இதை இரண்டு தடவை பார்ப்பான், ஊற்றும் முன்பும் பின்பும். ஊற்றும்போது குழாய் முனையை அடிவரை இறக்கி வைப்பான், மேலிருந்து அருவி மாதிரி கொட்ட மாட்டான். புனலின் வாயில் மெல்லிய துணி ஒன்று கட்டியிருக்கும், தப்பித் தவறி வரும் ஐஸைப் பிடிக்க. முதலில் சீற்றம் பயங்கரமாக இருக்கும், பிறகு குழாய் குளிர்ந்ததும் சத்தம் இறங்கி வழுவழு என்று ஓடும். போக்கு வாயிலிருந்து வெறும் புகை வரும் வரை சரி; புகையோடு திரவம் தெறிக்க ஆரம்பித்தால் நிறைந்துவிட்டது. "போதும்க்கா" என்று நிறுத்துவான். கைவிரலில் எப்போதும் தளர்வான தோல் உறை, காலில் ஷூ, பேன்ட் ஷூவுக்கு வெளியே. செருப்புப் போட்டுக்கொண்டு வந்த எங்கள் மாணவன் ஒருவனை அறைக்கு வெளியே நிற்க வைத்தான், அதிலிருந்து எனக்கு இவன் மேல் தனி மரியாதை.

இன்னொன்று, கேனோடு லிஃப்டில் ஏற மாட்டான். கேனை மட்டும் லிஃப்டில் அனுப்பிவிட்டுப் படியில் ஓடுவான். ஒரு லிட்டர் நைட்ரஜன் ஆவியானால் எழுநூறு லிட்டர் வாயு. மூடிய பெட்டிக்குள் அது மூச்சுக்காற்றைத் தள்ளிவிடும், மூச்சு முட்டுகிறது என்று தெரிவதற்கு முன்பே மயக்கம் வந்துவிடும். பெரிய பெரிய இடங்களில் இந்த விதி சுவரில் ஒட்டியிருக்கும், யாரும் கடைப்பிடிக்க மாட்டார்கள். எங்கள் கட்டடத்தில் ஒட்டவும் இல்லை. (இப்போது ஒட்டியிருக்கிறேன்.)

கல்யாணப் புகைக்கும் அண்ணாச்சி தருவதில்லை. 2024 ஏப்ரலில் தாவணகெரேயில் ஒரு பையன் புகை பிஸ்கட் சாப்பிட்டுத் துடித்த வீடியோ பரவி, நம்ம உணவுப் பாதுகாப்புத் துறையும் எச்சரிக்கை விட்டதே, அதற்கு முன்பே அவர் நிறுத்திவிட்டிருந்தார். கேட்டரிங்காரர்கள் இரண்டு மடங்கு கொடுப்பார்களாம். "எதுக்கு மேடம், குடிச்சுத் தொலைச்சான்னா வயிறு கிழிஞ்சிரும்."

இனி குறைகள். அரை நட்சத்திரம் எங்கே போனது என்று சொல்ல வேண்டுமே.

பில். கையால் எழுதிய பில், கார்பன் காப்பி, எழுத்து அண்ணாச்சிக்கு மட்டும் புரியும். ஜி.எஸ்.டி எண் ரப்பர் ஸ்டாம்பில் பாதி விழும், பாதி விழாது. எங்கள் கணக்குப் பிரிவுக்கு இது போதாது. போன வருடம் தணிக்கையில் ஒருவர் ஆயிரத்து நானூறு லிட்டர் வாங்கியிருக்கிறீர்கள், இருப்பு எங்கே என்று கேட்டார். ஆவியாகிவிட்டது சார் என்றேன். "மொத்தமுமா?" என்றார். மொத்தமும்தான். காலிக் கேன்களையாவது காட்டுங்கள் என்றார், கேன் அண்ணாச்சியுடையது, திரும்பப் போய்விட்டது. பதில் மூன்று பக்கம் எழுதினேன். அதில் கொதிநிலை, உள்ளுறை வெப்பம் எல்லாம் சேர்த்திருந்தேன். ஒரு அச்சடித்த பில் இருந்திருந்தால் ஒரு பக்கத்தில் முடிந்திருக்கும்.

மதியம் ஒன்றரையிலிருந்து மூன்று வரை போன் எடுக்க மாட்டார். ஞாயிறு கிடையாது. இருபது லிட்டருக்குக் குறைவாகக் கேட்டால் வண்டி வராது, நீங்கள்தான் போய் வாங்க வேண்டும். விலை இப்போது லிட்டர் 75 ரூபாய், மற்ற இடங்களை விடக் கூடத்தான். கேனுக்கு முன்பணம் தனி. யு.பி.ஐ உண்டு, ஆனால் க்யூஆர் அட்டை பனியில் நனைந்து சுருண்டு கிடக்கும், ஸ்கேன் ஆகாது, எண் கேட்டு அடியுங்கள்.

ஒரே ஒரு தடவை நைட்ரஜனிலும் கோளாறு வந்தது. ஊற்றும்போது மிக லேசான நீலச் சாயல். திறந்து கிடந்த கேனில் காற்றிலிருக்கும் ஆக்சிஜன் குளிர்ந்து இறங்கிவிட்டது என்று அர்த்தம், ஆக்சிஜன் மைனஸ் 183-லேயே திரவமாகிவிடும். அது ஆபத்து, எண்ணெய், துணி பக்கத்தில் இருந்தால் தீப்பிடிக்கும். தம்பியிடம் காட்டினேன், ஊற்றுவதை நிறுத்திவிட்டு அண்ணாச்சிக்குப் போன் போட்டான். அவர் விளக்கம் சொல்லவில்லை, சாக்கும் சொல்லவில்லை. அன்று மாலையே வேறு கேன் வந்தது. பழைய கேனின் மூடி ரப்பர் கிழிந்திருந்ததாம்.

யாருக்கு இந்தக் கடை? மரு சுட வேண்டும், மாட்டுக்கு ஊசி என்றால் எங்கே கிடைத்தாலும் வாங்கிக்கொள்ளுங்கள், பத்து ரூபாய் மிச்சம். ஆனால் உங்கள் லேபில் ஜெர்மானியம் இருக்கிறது, வாசலைக் கீழே இறக்கப் படாதபாடு படுகிறீர்கள், எர்த்தையும் ஏசியையும் மாற்றி மாற்றித் திட்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்றால், முதலில் கேனை ஆட்டிக் காது வைத்துக் கேளுங்கள். சரசரவென்று கேட்டால் அம்பத்தூர் பஸ் ஏறுங்கள். காலை ஒன்பதரைக்கு முன்னால் போனால் சினை ஊசிக்காரர்கள் கூட்டம் இருக்காது. காய வைக்க கேனை விட்டுவிட்டு வர வேண்டியிருக்கும், மூன்று நாள் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஷூ போட்டுக்கொண்டு போங்கள், இல்லையென்றால் வாசலிலேயே நிற்க வைப்பார்.